செவிவழி விளையாட்டும் நம் கடமையும்



ஆண்டு மலருக்குத் தலைமையாசிரியர் எழுதும் கட்டுரை என்றால், அது தேர்வு, கட்டொழுங்கு, தாய்மொழி ஆகிய மூன்றனுள் ஒன்றைப் பற்றியதாகவே இருக்கும் என நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இவ்வாண்டு நான் விளையாட்டைப் பற்றி எழுத விழைகின்றேன். அதிலும், கண்பார்வை அற்றவர்களும் பார்வை குன்றியவர்களும் காதால் கேட்டே ஆடுகின்ற ஒலி விளையாட்டுகளைப் பற்றி எழுத விழைகின்றேன். இதற்கும் நம் தோட்டப் பள்ளிக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர், இறுதிவரை பொறுமையுடன் படிக்குமாறு கேட்டுக்கொள்கின்றேன்.

டுரியான் பருவத்தில் இரவு உணவை முடித்துக்கொண்டு வாசலில் அமர்ந்திருக்கின்றோம். இருளில் 'தொப்'பென்று ஓர் ஓசை எழுகின்றது. "மேட்டு மரத்தில் விழுந்தது" என்கின்றார் தாத்தா. "இல்லை தாத்தா, ஆற்றோரத்து மரம்" என்கின்றான் பேரன். விளக்கை எடுத்துக்கொண்டு இருவரும் விரைகின்றனர். ரப்பர்க்காய் வெயிலில் வெடிக்கும் பருவத்திலும் அப்படித்தான். 'பட்'டென்று வெடித்த காயின் விதை எத்திசையில் தெறித்து விழுந்தது என்பதைக் காதால் அறிந்து, ஓடிப் பொறுக்கி மகிழ்ந்த நாட்களை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். செவியால் திசையறிந்து, தொலைவறிந்து, பிறரை முந்தி ஓடி வெல்வது நமக்குப் புதியதன்று. ஒலி விளையாட்டு என்பதன் அடிப்படையும் இதுவே.

இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. நான் இளம் ஆசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், என் வகுப்பில் பார்வை மிகக் குன்றிய மாணவன் ஒருவன் இருந்தான். உடற்கல்வி வேளையில் அவன் தடுக்கி விழுந்துவிடுவானே என்று அஞ்சி, திடல் ஓரத்து மரநிழலில் அவனை உட்கார வைத்தேன். மற்ற மாணவர்களின் காலணிகளைக் காவல் காக்கும் பொறுப்பையும் கொடுத்தேன். அஃது இரக்கம் என்றே அன்று நான் எண்ணியிருந்தேன். ஒரு நாள் ஓட்டப் போட்டி முடிந்ததும், யார் முதலில் வந்தவர் என்பதில் மாணவர்களிடையே பூசல் எழுந்தது. அப்போது மரநிழலிலிருந்து அவன், "ஐயா, முதலில் வந்தது நம் தண்டல் மகன்தான். அவன் ஓடும்போது வலக்கால் மட்டும் அழுத்தி விழும்" என்றான். அது சரியாகவே இருந்தது. அத்தனை நாளும் அவன் நிழலில் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொருவருடைய காலடியையும் கேட்டுக் கேட்டு, தனக்குள் தானாக ஒரு போட்டியை நடத்திக்கொண்டிருந்தான். அவனுக்கு விளையாடத் தெரிந்திருந்தது. அவனை விளையாட வைக்க எனக்குத்தான் தெரியவில்லை. ஆசிரியர் கல்லூரியில் பெற்ற பயிற்சியும் அன்று எனக்குக் கைகொடுக்கவில்லை. இன்று இக்கட்டுரையை எழுதும்போது அந்த மரநிழலே என் கண்முன் நிற்கின்றது.

இனி, ஒலி விளையாட்டு எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சற்றுக் காண்போம். நம் இரு காதுகளுக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு சாணுக்கும் குறைவே. வலப்பக்கத்தில் எழும் ஓசை வலக்காதை முதலில் அடைகின்றது. ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் தாழ்ந்து அது இடக்காதை அடைகின்றது. அங்கே சற்று மெலிந்தும் ஒலிக்கின்றது. செவிமடலின் மடிப்புகள், முன்னிருந்து வரும் ஓசையையும் பின்னிருந்து வரும் ஓசையையும் வெவ்வேறு வகையில் மாற்றி உள்ளே அனுப்புகின்றன. மூளை இவ்வேறுபாடுகளைக் கணக்கிட்டு, ஓசை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகின்றது. மனிதத் தலையைப் போன்ற ஒரு பொம்மையின் இரு காதுகளிலும் ஒலிவாங்கிகளைப் பொருத்திப் பதிவு செய்தால், ஹெட்போன் எனப்படும் செவிக்கருவியின் வழியே அதனைக் கேட்பவர், அந்த இடத்தின் நடுவிலேயே தாம் நிற்பதாக உணர்வார். கணினியாலும் இதே விளைவை உண்டாக்க முடிகின்றது.

இந்த உண்மையை வைத்தே விளையாட்டை அமைக்கின்றனர். ஆடுபவர் முன்னே நடந்தால் காலடி ஓசை கேட்கின்றது. மரப்பலகையில் நடந்தால் ஓர் ஓசை, சரளைக் கல்லில் நடந்தால் வேறோர் ஓசை. இடப்புறம் ஆறு சலசலக்கின்றது. பின்னால் ஏதோ ஒரு விலங்கின் மூச்சு நெருங்குகின்றது. எப்பக்கம் திரும்புவது, எப்போது தாவுவது என்பதையெல்லாம் ஆடுபவர் கேட்டே முடிவு செய்ய வேண்டும். திரையில் ஒரு படமும் வேண்டியதில்லை. விடியுமுன் பால்வெட்டுக் காட்டுக்குள் நுழையும் தொழிலாளி, காலடியில் சருகு ஒலிப்பதையும் சேறு ஒலிப்பதையும் கொண்டு பாதையை அறிகின்றார் அன்றோ? அந்த அறிவே இங்கு விளையாட்டாகின்றது.

இதன் வரலாறும் சுவையானது. 1978ஆம் ஆண்டில் 'சைமன்' என்னும் கைவிளையாட்டுக் கருவி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ரால்ஃப் பேர், ஹோவர்ட் மோரிசன் ஆகிய இருவர் அதனை உருவாக்கினர். நான்கு வண்ணப் பொத்தான்களும் நான்கு வெவ்வேறு சுரங்களை ஒலித்தன. ஒலித்த வரிசையை நினைவிற் கொண்டு அவ்வாறே திரும்ப அழுத்த வேண்டும். ஒளியோடு ஒலியும் இருந்தமையால், கண் தெரியாதவரும் சுரத்தைக் கேட்டு ஆட இயன்றது. விழியிழந்தோரை எண்ணி அமைக்கப்படாத ஒன்று, ஒலி ஒழுங்காக அமைந்த காரணத்தால் அவர்களுக்கும் பயன்பட்டது.

அவர்களை எண்ணியே செய்யப்பட்டது 1997ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த 'ரியல் சவுண்ட்' என்னும் விளையாட்டு. அதனைப் படைத்தவர் கென்ஜி எனோ. தம் விளையாட்டுகளைப் பார்வையற்றோர் சிலர் பெரும் பாடுபட்டு ஆடுகின்றனர் என்பதை அறிந்த அவர், அவர்களை நேரில் சென்று கண்டார். பின்னர், படமே இல்லாமல் முழுவதும் ஒலியால் அமைந்த கதை விளையாட்டை உருவாக்கினார். அதற்கான குறிப்புத்தாள் பிரெயில் எழுத்திலும் அமைந்தது. அந்த விளையாட்டைத் தம் கருவிக்கு மட்டும் வெளியிட விரும்பிய சேகா நிறுவனத்திடம், பார்வையற்றோருக்கு ஆயிரம் கருவிகளை அன்பளிப்பாக வழங்க வேண்டும் என்று அவர் கேட்டுப் பெற்றார். செல்வாக்கு உள்ளபோது அதனைப் பிறருக்காகப் பயன்படுத்திய அம்மனிதர் 2013ஆம் ஆண்டில் மறைந்தார்.

2010ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து கைப்பேசிக்காக 'பாப்பா சாங்ரே' என்னும் ஒலி விளையாட்டு வந்தது. 2015ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த 'டோவினோ' என்னும் குழுவினர் 'எ பிளைண்ட் லெஜண்ட்' என்பதை வெளியிட்டனர். அதன் தலைவன் பார்வையிழந்த ஒரு வீரன். அவனுடைய சிறுமகள் குரல் கொடுத்து வழிகாட்ட, கடத்திச் செல்லப்பட்ட மனைவியை மீட்க அவன் புறப்படுகின்றான். மகள் எத்திசையிலிருந்து அழைக்கின்றாள் என்பதைக் கேட்டே ஆடுபவர் நடக்க வேண்டும். 2021ஆம் ஆண்டில் கனடாவிலிருந்து வந்த 'தி வேல்' என்னும் விளையாட்டில் பார்வையற்ற இளவரசி ஒருத்தி தலைவியாகின்றாள். கண் தெரியாதவரை வேண்டுதலுக்கும் பரிதாபத்துக்கும் மட்டும் உரியவராகக் காட்டிய கதைகளையே கேட்டுப் பழகிய நமக்கு, அவர் வாளெடுத்து முன் செல்வது புதுமையாகவே தோன்றும்.

பெரிய நிறுவனங்களும் மெல்ல விழித்துக்கொண்டன. 2020ஆம் ஆண்டில் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தில், மாற்றுத் திறனாளிகளுக்காக அறுபதுக்கும் மேற்பட்ட வசதிகள் அமைக்கப்பட்டன. பார்வை அறவே இல்லாதவரும் அதனைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஆடி முடிக்கலாம். அது வன்முறை மிகுந்தது, பெரியவர்களுக்கு மட்டும் உரியது. மாணவர்கள் அதனைத் தேட வேண்டா. இங்குச் சொல்ல வந்த செய்தி வேறு. 2023ஆம் ஆண்டில் வந்த 'ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்' என்னும் கார்ப் பந்தய விளையாட்டில், சாலையின் ஓரம் நெருங்குவதையும் வளைவு வருவதையும் வேகத்தைக் குறைக்க வேண்டிய தருணத்தையும் ஒலிக் குறிப்புகளே உணர்த்துகின்றன. இவ்விரண்டின் ஆக்கத்திலும் பிராண்டன் கோல் என்னும் பார்வையற்ற அமெரிக்கர் ஆலோசகராக இருந்து உதவினார். பார்வையற்றோரைக் கலந்து பேசிய பிறகே இவை செம்மையுற்றன என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

கணினியையும் கைப்பேசியையும் விட்டுத் திடலுக்கு வந்தாலும் இதே உண்மையைக் காணலாம். இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்து திரும்பிய வீரர்களுக்காக 1946ஆம் ஆண்டில் 'கோல்பால்' என்னும் ஆட்டம் வகுக்கப்பட்டது. பக்கத்துக்கு மூவர்; அனைவருக்கும் கண்கட்டு; பந்தினுள் மணிகள். உருண்டு வரும் மணியோசையைக் கேட்டு, தரையில் பாய்ந்து படுத்துப் பந்தைத் தடுக்க வேண்டும். 1976ஆம் ஆண்டு முதல் இது பாராலிம்பிக் போட்டிகளில் பதக்கத்துக்குரிய ஆட்டமாக உள்ளது. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது பார்வையாளர் அனைவரும் அமைதி காக்க வேண்டும் என்பது விதி. அரங்கமே வாய்மூடி மூன்று பேரின் செவிக்கு மதிப்பளிக்கும் அக்காட்சியை நம் மாணவர்கள் ஒரு முறையேனும் காணொளியில் பார்க்க வேண்டும். பார்வையற்றோர் கிரிக்கெட் 1922ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், தகரக் குவளைக்குள் கற்களை இட்டு ஆடியதிலிருந்து தொடங்கிற்று. பணமில்லாத தொழிலாளர்களின் விளையாட்டுப் பொருள் எதுவோ, அதுவே அவர்களுடைய பந்தாகவும் இருந்தது.

இங்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். அவற்றை மூடி மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

முதலாவது, "பார்வையற்ற பிள்ளைக்கு முதலில் வேண்டியது படிப்பும் பிழைப்பும். விளையாட்டு என்ன கேடு?" என்பது. பிழைப்பின் அருமையை நான் அறிவேன். 1951ஆம் ஆண்டில் அமைந்த மலேசியப் பார்வையற்றோர் சங்கம் முதலிய அமைப்புகள், தொழிற்பயிற்சிக்கும் கல்விக்கும் ஆற்றிவரும் தொண்டு போற்றத்தக்கது. ஆனால், நம் பார்வையுள்ள பிள்ளைகளிடம், "வேலை கிடைக்கும்வரை விளையாடாதே" என்று நாம் சொல்வதுண்டா? விளையாட்டின் வழியே பிள்ளை நண்பனைத் தேடிக்கொள்கின்றது, தோல்வியைத் தாங்கப் பழகுகின்றது, விதிக்குக் கட்டுப்படுகின்றது. பார்வையற்ற பிள்ளைக்கு இன்னொரு பயனும் உண்டு. ஓசையைக் கொண்டு திசையையும் தொலைவையும் அறியும் பழக்கம், சாலையைக் கடக்கும்போதும் புதிய இடத்தில் நடக்கும்போதும் அவனுக்கு வேண்டிய பழக்கமே. சட்டமும் இவ்வுரிமையை ஏற்றுள்ளது. நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம், பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் பங்குகொள்ளும் உரிமையை அவர்களுக்கு வழங்குகின்றது. 2010ஆம் ஆண்டில் மலேசியா ஏற்புறுதி அளித்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, மாற்றுத் திறனுடைய குழந்தைகள் மற்றக் குழந்தைகளைப் போலவே, பள்ளியிலும் விளையாட வழி செய்ய வேண்டும் என்று கூறுகின்றது. பள்ளியை அது தனியே குறிப்பிட்டிருப்பதை நான் எனக்கே இட்ட கட்டளையாகக் கொள்கின்றேன்.

இரண்டாவது மறுப்பு, "கைப்பேசி விளையாட்டுப் பித்தால் பிள்ளைகள் கெடுகின்றனர் என்று வாரந்தோறும் சபைகூடலில் பேசும் தலைமையாசிரியரே, அதனை இங்குப் புகழலாமா?" என்பது. நான் அளவைப் பற்றிப் பேசினேன். இன்றும் அதில் மாற்றமில்லை. உறக்கத்தையும் பாடத்தையும் கெடுக்கும் ஆட்டம் பார்வையுள்ளவனுக்கும் தீது, பார்வையற்றவனுக்கும் தீது. நேரத்தை வரையறுப்பது பெற்றோர் கடமை. செவிக்கருவியின் ஒலியைக் குறைத்து வைப்பதும் அத்தகைய கடமையே. காதே கண்ணாக உள்ள பிள்ளைக்குச் செவிப்புலன் கெட்டால் இழப்பு இரட்டிப்பாகும்.

மேலும் ஒரு வினா உண்டு. பார்வையற்றோருக்கென்று தனி விளையாட்டுகள் வேண்டுமா, அல்லது எல்லாரும் ஆடும் விளையாட்டிலேயே அவர்களுக்கும் இடம் வேண்டுமா? இரண்டும் வேண்டும் என்பதே என் கருத்து. எனினும், எதற்கு முதலிடம் என்று கேட்டால், அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆடக்கூடியதற்கே முதலிடம் தருவேன். தனி விளையாட்டு அவன் செவித்திறனை முழுமையாக வெளிக்கொணரும். பொது விளையாட்டு அவனை மரநிழலிலிருந்து எழுப்பித் திடலின் நடுவே நிறுத்தும். நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். பல்லாங்குழியை எண்ணிப் பாருங்கள். குழியைத் தடவி, விதையை விரலால் எண்ணி ஆடும் அவ்வாட்டத்தில் பார்வையற்ற பாட்டி பேத்தியை வெல்லலாம். மலாய் மக்களின் சொங்காக் ஆட்டமும் அவ்வாறே. கண்ணாமூச்சியில் கண்கட்டியவன் சிரிப்பொலியைத் துரத்துகின்றான். அவ்வேளையில் எல்லாரும் செவிவழி ஆடுவோரே.

நம்மவர்க்கு இன்னொரு குறையும் உண்டு. நான் மேலே பெயர் குறித்தவற்றுள் ஒன்றேனும் தமிழில் பேசுவதில்லை. படத்தைப் பார்த்து ஆடும் பிள்ளைக்கு மொழி புரியாவிட்டாலும் படம் வழிகாட்டும். காதையே நம்பி ஆடும் பிள்ளைக்கு மொழி புரியாவிட்டால், திரை அணைந்து போனதற்கு ஒப்பாகும். ஆங்கிலம் நன்கு கற்ற நகரத்துப் பிள்ளைக்குக் கிட்டும் மகிழ்ச்சி, நம் தோட்டத்துப் பிள்ளைக்குக் கிட்டாமற் போவது முறையாகுமா? கணினித் திரையைப் படித்துக் காட்டும் 'என்விடிஏ' என்னும் மென்பொருளை, மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்னும் பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் இருவர் உருவாக்கினர். 2006ஆம் ஆண்டில் தொடங்கிய அப்பணியின் பயனை அவர்கள் உலகுக்கு விலையின்றி வழங்கினர். அதனைத் தமிழிலும் பேச வைக்கலாம். வாசிக்கும் குரல் வந்துவிட்டது. விளையாட்டு இன்னும் வர வேண்டியுள்ளது.

ஆகவே, குறைகூறுவதோடு நில்லாமல் நம் பள்ளியளவில் செய்யக்கூடிய சிலவற்றை முன்வைக்கின்றேன்.

முதலாவதாக, உடற்கல்வி வேளையில் வாரம் ஒரு முறை ஒலிப்பந்து ஆட்டம் நடத்தலாம். மணிப்பந்து வாங்கப் பணம் இல்லையெனில், சாதாரணப் பந்தை நெகிழிப் பையில் இட்டுக் கட்டினாலே உருளும்போது சரசரக்கும். கண்கட்டைப் பரிதாபத்துக்காகக் கட்ட வேண்டா. ஆட்டத்தில் எல்லாரும் சமமாக இருப்பதற்காகக் கட்ட வேண்டும்.

இரண்டாவதாக, ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் தமிழில் ஓர் ஒலி விளையாட்டை உருவாக்கலாம். 2007ஆம் ஆண்டு முதல் விலையின்றிக் கிடைக்கும் 'ஸ்கிராட்ச்' என்னும் மென்பொருளில் ஒலியைப் பதிவு செய்யலாம். அதனை இடக்காதுக்கோ வலக்காதுக்கோ நகர்த்தலாம். காலைப் பெரட்டு மணி, ஆலையின் இரைச்சல், கோயில் மணி, மழை கூரையில் விழும் ஓசை, டுரியான் விழும் ஓசை ஆகிய யாவும் நம்மிடமே உள்ளன. பாட்டியின் குரலில் வழி சொல்ல வைக்கலாம். ஆனால், ஒரு நிபந்தனை. பார்வையற்ற ஒருவர் ஆடிப் பார்த்து நன்று என்று சொல்லும்வரை அது முடிந்ததாகக் கருதக் கூடாது.

மூன்றாவதாக, பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை புத்தகத்தை மூக்கருகே வைத்துப் படித்தாலோ, மாலை மங்கலில் தடுமாறினாலோ உடனே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பார்வை குன்றிய பிள்ளை வீட்டில் இருப்பின் அதனை மறைக்காதீர்கள். திரையைப் படித்துக் காட்டும் வசதி இன்றைய கைப்பேசிகளிலேயே உள்ளது. தனியே பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அமைப்புப் பகுதியில் அதனை இயக்கக் கற்றுக்கொடுக்கப் பள்ளி காத்திருக்கின்றது.

இறுதியாக, மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு சொல். உங்கள் ஆட்டத்தில் சேராமல் ஓரமாக அமர்ந்திருக்கும் ஒருவனைக் கண்டால், அவனால் ஆட முடியாது என்று முடிவு கட்டாதீர்கள். எப்படி ஆடினால் அவனும் சேர்ந்துகொள்ள இயலும் என்று அவனையே கேளுங்கள். நான் அன்று கேட்கத் தவறிய கேள்வி அது. காலணிகளைக் காத்துக்கொண்டிருந்த அந்த மாணவன், இடம்பெயர்ந்த தன் குடும்பத்தோடு பள்ளியை விட்டுச் சென்றுவிட்டான். அவனிடம் இனி நான் கேட்க இயலாது. அடுத்த ஆண்டு நம் பள்ளி விளையாட்டுப் போட்டி நாளில், திடலின் நடுவே ஒலிப்பந்து உருளும்போது, கூடியிருக்கும் நாம் அனைவரும் சற்று நேரம் பேச்சை நிறுத்தி அமைதி காப்போம். அதுவே இக்கட்டுரைக்கு நீங்கள் தரும் விடையாகும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!

— தலைமையாசிரியர்